சாயமும் வெள்ளியும்

சின்னக் காஞ்சிபுரத்துத் தறிகளில் பட்டுக்கு நிறம் தருவது சாயம். சரிகைக்கு ஒளி தருவது வெள்ளி. மருந்தின் வரலாற்றிலும் இவ்விரண்டிற்கும் இடமுண்டு.

1932இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக், ‘பிராண்டோசில்’ என்னும் செந்நிறச் சாயம் சுண்டெலிகளைக் கொடிய கிருமிகளினின்று காப்பதைக் கண்டார். அச்சாயத்தின் நிறமற்ற ஒரு பகுதியே மருந்தென்பதை 1935இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் தெளிவாக்கினர். அதன் வழிவந்தவையே சல்பா மருந்துகள். கிருமி தனக்கு வேண்டிய போலிக் அமிலத்தை ஆக்கிக்கொள்ளாதவாறு இவை தடுக்கின்றன.

அவற்றுள் ஒன்றாகிய சல்பாடயசீனோடு வெள்ளியை இணைத்த மருந்தை, 1968இல் அமெரிக்கர் சார்லஸ் பாக்ஸ் வெளியிட்டார். சோடியம் சல்பாடயசீன் கரைசலில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு உண்டாகும். அதனை வடிகட்டிக் கழுவி, ஒளி படாமல் உலர்த்துவர். தீப்புண் களிம்பில் நூற்றுக்கு ஒரு பங்கு இது சேரும். இதனின்று வெள்ளி அயனிகள் சிறிது சிறிதாக வெளிப்பட்டுக் கிருமிகளைத் தாக்கும்.

ஆக்குதல் எளிது; சோதித்தலே அரிது. அகார்த் தட்டில் கிருமிகளைப் பரப்பி, மருந்து தோய்ந்த காகித வட்டை வைத்து, 37 பாகை செல்சியசில் ஓரிரவு விட்டால், வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தோன்றும். அதுகண்டு மகிழ்ந்துவிடலாகாது. தனிச் சல்பாவையும் தனி வெள்ளி உப்பையும் உடன்வைத்து ஒப்பிட்டாலன்றி, இணைப்பின் பயன் விளங்காது. மேலும், கிருமியைக் கொல்வது வளரும் தோலையும் வருத்தக்கூடும். புண் ஆறுதல் தாமதிக்கலாம் எனப் பின்னை ஆய்வுகள் காட்டியமையால், மருத்துவர் இன்று இக்களிம்பை ஆராய்ந்தே அளிக்கின்றனர்.

சரிகையை உரசிப் பார்த்து வாங்கும் ஊர் நம்முடையது. மருந்தையும் சோதித்தே ஏற்போமாக.