அடைக்கோழியின் தவம்

கையில் ரொக்கம் இல்லாத கிராமத்துக் குடும்பத் தலைவிக்கும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு சொத்து உண்டு. புழக்கடையில் மேயும் நாலைந்து நாட்டுக் கோழிகளே அது. பிள்ளையின் புத்தகச் செலவு, அவசர வைத்தியச் செலவு, எதிர்பாராத விருந்து ஆகிய யாவற்றுக்கும் அவைகளே ஈடு கொடுக்கின்றன. அச்சொத்து பெருகுவதும் தேய்வதும் ஒரு கூடைக்குள் 21 நாள் நடைபெறும் காரியத்தைப் பொறுத்திருக்கிறது. 12 முட்டை வைத்து 10 குஞ்சு வந்தால் வீட்டில் சந்தோஷம். நாலே வந்தால் சில மாதத்து வரவு போயிற்று. ஆதலின் அக்காரியத்தின் நுட்பங்களை நேயர்களுடன் சேர்ந்து சற்று ஆராய்வோம்.

முதலாவது, எந்த முட்டையை அடை வைப்பது? சேவலின் சேர்க்கை இன்றியும் கோழி முட்டையிடும். ஆனால் அம்முட்டை ஒருநாளும் குஞ்சாகாது. மகாத்மா காந்தி 1942-ஆம் வருஷம் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது எழுதத் தொடங்கிய ஆரோக்கிய நூலில் இந்த வித்தியாசத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். எனவே எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவலேனும் வேண்டும்.

இட்டு ஏழு நாளுக்கு மேற்படாத முட்டைகளே அடைக்கு உத்தமம். கோணலானதும், ஓடு மெலிந்ததும், விரிசல் கண்டதும் ஆகாது. அழுக்கைப் போக்கவென்று தண்ணீரில் கழுவுவதும் தவறு. ஓட்டின்மேல் இயற்கை பூசியிருக்கும் மெல்லிய பூச்சு நீங்கிவிட்டால், நுண்ணிய துவாரங்களின் வழியே கிருமிகள் உட்புகுந்துவிடும். சேர்த்து வைக்கும் நாட்களில் கூரிய முனை கீழே இருக்கவேண்டும், இடமும் குளிர்ச்சியாயிருக்கவேண்டும். சுமார் 20 டிகிரி செல்ஷியஸுக்குக் கீழே கரு உறங்கிக் கிடக்கிறது. நமது கோடை உஷ்ணத்திலோ அது அரைகுறையாக விழித்து வளரத் தொடங்கி, பின்னர் சோர்ந்து மடிகிறது. வெயில் காலத்தில் கூமுட்டைகள் மிகுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

இனி அடைக்கோழியின் திறமையைப் பாருங்கள். வைக்கோலோ உமியோ பரப்பிய கூடையில் அமர்ந்து, தினம் ஒருமுறை சிறிது நேரம் மட்டுமே இரைக்கும் தண்ணீருக்கும் எழுந்து செல்கிறது. அலகினால் முட்டைகளை அடிக்கடி புரட்டுகிறது. புரட்டாவிடில் கரு உள் ஜவ்வுடன் ஒட்டிக்கொண்டு கெட்டுவிடும். இடிச் சத்தத்தில் முட்டை கெடாதிருக்க இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் கூடையில் போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இரும்பைக் காட்டிலும், பேன் பற்றாத கூடையும் நிழலான மூலையும் கோழிக்கு அதிக உதவி செய்யும்.

ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்க்கலாம். சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரிந்தால் உயிர் வளர்கிறது. தெளிவாகவே இருந்தால் கருவில்லை. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. அத்தகையவைகளை உடனே நீக்கிவிடவேண்டும்.

கோழியின் வேலையை மனிதன் தானே செய்ய முயன்றதும் நேற்று இன்று அல்ல. எகிப்து தேசத்தார் பண்டைக் காலந்தொட்டு மண் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்து வந்தனர். பிரெஞ்சு விஞ்ஞானி ரெயோமூர் 1749-இல் இக்கலையைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். காற்றாடி பொருத்திய இக்காலத்து இன்குபேட்டரில் 37.5 டிகிரி உஷ்ணமும், சுமார் 50 முதல் 55 சதவிகிதம் ஈரப்பதமும் நிலைத்திருக்கவேண்டும். தினம் மூன்று தடவைக்குக் குறையாமல் முட்டைகளைப் புரட்டவேண்டும். 18-ஆம் நாளுடன் புரட்டுவதை நிறுத்தி, ஈரத்தை 65 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்தவேண்டும்.

ஓட்டில் முதல் கீறல் கண்டபின் குஞ்சு வெளிவர அரை நாளோ ஒரு நாளோ ஆகலாம். இரக்கப்பட்டு ஓட்டை உரிப்பவர்கள் குஞ்சுக்குத் தீங்கே இழைக்கிறார்கள்; இரத்த ஓட்டம் அடங்குமுன் ஜவ்வு கிழிந்தால் குஞ்சு பிழைப்பது அரிது. வெளிவந்ததும் இரையில்லையே என்று பதறவும் வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கரு இரண்டு நாளைக்குத் தாங்கும். ஏழாம் நாள் மறவாமல் செய்யவேண்டியது ஒன்றுண்டு: கண்ணிலோ மூக்கிலோ விடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து. 1927-இல் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு, அவ்வூரின் பெயராலேயே வழங்கும் இந்நோய், ஒரு வாரத்தில் தெருவிலுள்ள கோழிகள் அனைத்தையும் கொண்டுபோய்விடக் கூடியது.

இவ்வளவும் எதற்காகச் சொல்கிறோம்? பண்ணைகளுக்கென்று உருவாக்கிய முட்டைக் கோழி வருஷத்துக்கு ஏறக்குறைய 300 முட்டை இடுகிறது. ஆனால் அது அடைக்கு உட்காருவதில்லை. அடை காக்கும் நாட்களில் முட்டை நின்றுவிடும் என்பதால், அந்தச் சுபாவத்தையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து ஒதுக்கிவிட்டார்கள். அதை வாங்கி வளர்ப்பவர் ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குப் பிறர் வாசலில் நிற்கவேண்டியதே. நமது சிறுவிடைக் கோழியோ முட்டை குறைவாக இட்டாலும், தன் சந்ததியைத் தானே பொரித்துத் தானே காக்கிறது. மின்சாரம் வேண்டுவதில்லை, கடனும் வேண்டுவதில்லை.

நகரத்துச் சந்தைக்குப் பண்ணை முட்டை வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. எனினும் தன் கையை நம்பி வாழ விரும்பும் வீட்டில் ஓர் அடைக்கோழியாவது இருக்கட்டும். முட்டை இடாமல் உட்கார்ந்துவிட்டதே என்று அதன் மீது தண்ணீரைக் கொட்டி விரட்டுமுன், அக்கோழி செய்ய முனைந்திருக்கும் காரியத்தின் மதிப்பை ஒரு கணம் எண்ணிப் பார்க்குமாறு சகோதரிகளை வேண்டுகிறோம்.