வாசல் இரண்டு, பட்டியல் ஒன்று

களம்பூரில் பட்டுத்தறியைப் பார்த்திருக்கிறீர்களா? ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். அட்டையில் உள்ளபடிதான் புட்டா விழும். நெசவாளர் நினைத்தபடி அல்ல.

கணினியின் காவலாளியான ஃபயர்வாலும் அப்படித்தான். வலை வழியே வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் விதிப்பட்டியலோடு மேலிருந்து கீழாக ஒப்பிடும். பொருந்தும் முதல் விதி 'விடு' என்றால் விடும்; 'தடு' என்றால் தடுக்கும். லினக்ஸ் கணினியில் விதியே எழுதாவிட்டால்? எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடும்!

இணைய முகவரிகள் இருவகை: பழைய ஐபிவி4, புதிய ஐபிவி6. லினக்ஸின் 'ஐபிடேபிள்ஸ்' மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் எழுத வேண்டும். ஒன்றை எழுதி மற்றதை மறந்தால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்ததுபோல் ஆகும். 2014-இல் லினக்ஸில் சேர்ந்த 'என்எஃப்டேபிள்ஸ்' இக்குறையைத் தீர்த்தது. அதில் இருவகைக்கும் ஒரே பட்டியல் போதும்.

இவை திறந்த மூல மென்பொருள்கள். இவற்றின் நிரலை யாரும் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸ்தான். உங்கள் பள்ளியில் லினக்ஸ் கணினி இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள்: "ஐயா, கொல்லைக்கதவும் பூட்டியிருக்கிறதா?"