சினையாக இருக்கும் நாய்க்கு கால்சியம் டானிக் கொடுக்கலாமா?

எங்க அத்தை வீட்டுல நடந்த விஷயம் இது. அவங்க வளர்க்கிற பொமரேனியன் நாய் லில்லி ஐந்து குட்டி போட்டிருந்தது. பன்னிரண்டாவது நாள் ராத்திரி குட்டிகளை விட்டுட்டு வீட்டைச் சுத்திச் சுத்தி வந்திருக்கு. ஓயாம மூச்சு இரைச்சிருக்கு. கொஞ்ச நேரத்துல கால் விறைச்சு, உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. வாயில எச்சில் வேற. "வெறி பிடிச்சிருச்சு, யாரும் கிட்ட போகாதீங்க"ன்னு பக்கத்து வீட்டுல சொல்ல, விடியுற வரைக்கும் யாரும் தொடவே இல்லை.

காலையில கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, சினையா இருந்தப்ப கால்சியம் டானிக் குடுத்தீங்களா?"

"ஆமா டாக்டர், ஒரு நாள் விடாம குடுத்தேன்" என்றார் அத்தை, கொஞ்சம் பெருமையாகவே.

ரத்தக் குழாய் வழியாக மெதுவாக கால்சியம் ஏற்றினார்கள். ஏற்றி முடிப்பதற்குள் நடுக்கம் நின்றது. லில்லி இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் அத்தைக்கு இன்றும் ஒரு குழப்பம். கால்சியம் குறைந்ததால் வந்த நோய் என்றால், கால்சியம் கொடுத்தது எப்படித் தப்பாகும்?

உங்களுக்கும் அதே கேள்வி வருகிறதா? பதிலைப் பார்ப்போம்.

கொடுக்கக் கொடுக்க ஏன் குறைகிறது?

நாயின் கழுத்துப் பகுதியில் பாராதைராய்டு என்ற சின்னஞ்சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால், எலும்பில் சேமித்து வைத்திருப்பதை எடுத்து ரத்தத்துக்கு அனுப்பும்படி உத்தரவு போடுவது இவைதான். உணவிலிருந்து கூடுதல் கால்சியத்தை உறிஞ்சச் செய்வதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

சினைக் காலம் முழுவதும் நீங்கள் டானிக் ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ரத்தத்தில் எப்போதும் கால்சியம் தாராளமாக இருக்கும். சுரப்பிகளுக்கு வேலை இல்லை. மெல்ல மெல்ல அவை மந்தமாகிவிடும். குட்டி பிறந்து பால் சுரக்கத் தொடங்கியதும் கால்சியம் மளமளவென்று பாலில் வெளியேறும். அப்போது எலும்புக் கிடங்கைத் திறக்க வேண்டிய சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியம் சட்டென்று சரியும். நரம்புகளும் தசைகளும் கட்டுப்பாட்டை இழக்கும். இதற்குப் பெயர் எக்லாம்ப்சியா.

மாடு வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கன்று ஈன்ற கறவை மாட்டுக்கு வரும் பால் காய்ச்சலும் கால்சியம் சரிவதால் வருவதுதான். ஒரு வித்தியாசம், மாடு துவண்டு படுத்துவிடும். நாய்க்கு விறைப்பும் நடுக்கமும் வரும், உடல் சூடு ஏறும்.

சிறிய இன நாய்கள் நிறையக் குட்டி போடும்போது ஆபத்து அதிகம். பெரும்பாலும் குட்டி போட்ட முதல் 4 வாரத்துக்குள் வரும். கால்சியமே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தேவையான அளவு சரிவிகித உணவிலேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் டானிக்கோ மாத்திரையோ வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். முன்பு இந்தப் பாதிப்பு வந்த நாய்க்கு, பால் கொடுக்கும் காலத்தில் அவரே கால்சியம் எழுதித் தரக்கூடும். சினைக் காலத்தில் நாமாக ஊற்றுவதுதான் பிரச்சினை.

எப்போது, எவ்வளவு சாப்பாடு?

நாயின் சினைக் காலம் ஏறத்தாழ 63 நாள். முதல் 40 நாளில் குட்டிகள் வளர்வது ரொம்பக் குறைவு. பிறக்கும்போது இருக்கும் எடையில் பெரும்பகுதி கடைசி மூன்று வாரத்தில்தான் கூடுகிறது. ஆகவே "சினை பிடிச்சாச்சு, இனி ரெண்டு பங்கு சாப்பாடு" என்று முதல் நாளே தொடங்கினால், அது குட்டிக்குப் போகாது, தாயின் உடம்பில் கொழுப்பாகத்தான் சேரும். குண்டான நாய்க்குப் பிரசவம் சிக்கலாகும் வாய்ப்பு அதிகம்.

முதல் 5 வாரம்: வழக்கமான அளவு, ஆனால் தரமான உணவு. மூன்றாவது, நான்காவது வாரத்தில் சில நாள் சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம். ஒரேயடியாகச் சாப்பாட்டை ஒதுக்கினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசி 3, 4 வாரம்: கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, குட்டி போடும் நேரத்தில் வழக்கத்தைவிட 25 முதல் 50 சதவீதம் வரை அதிகம். கருப்பை பெருத்து இரைப்பையை நெருக்குவதால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது. 3, 4 வேளையாகப் பிரித்து வையுங்கள்.

பால் கொடுக்கும் காலம்: உண்மையான பசி இப்போதுதான். குட்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வழக்கத்தைவிட 2 முதல் 4 மடங்கு வரை தேவைப்படும். மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள் இது உச்சத்தைத் தொடும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

நம்மில் பலர் செய்வது இதற்கு நேர் தலைகீழ். சினையாக இருக்கும்போது ஊட்டி ஊட்டி வளர்த்துவிட்டு, குட்டி பிறந்ததும் கவனத்தைக் குட்டிகள் பக்கம் திருப்பிவிடுகிறோம்.

பால்சோறு போதுமா?

போதாது. சோறும் பாலும் மட்டும் சாப்பிடும் சினை நாய்க்குப் புரதமும் தாது உப்புகளும் குறையும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் பேதியும் ஆகும். அதற்காகச் சோற்றை நிறுத்திவிட்டு வெறும் இறைச்சிக் கழிவும் கொழுப்பும் கொடுப்பதும் சரியில்லை. இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு.

1981இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். சினை நாய்களில் ஒரு பிரிவுக்கு மாவுச்சத்து உள்ள உணவு, இன்னொரு பிரிவுக்கு மாவுச்சத்தே இல்லாத, கொழுப்பு மிகுந்த உணவு. முதல் பிரிவில் 96 சதவீதக் குட்டிகள் உயிரோடு பிறந்தன. இரண்டாவது பிரிவில் 63 சதவீதம்தான். பிரசவத்துக்குச் சற்று முன் அந்தத் தாய்களின் ரத்தத்தில் சர்க்கரை சரிந்திருந்தது. புரதம் போதிய அளவு இருந்தால் மாவுச்சத்து இல்லாமலும் சமாளிக்க முடியும் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. நமக்கு இதில் உள்ள செய்தி எளிமையானது: சோறும் இருக்கட்டும், கூடவே நல்ல புரதமும் இருக்கட்டும்.

வீட்டில் சமைப்பவர்கள் சோற்றோடு வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கோழி சேர்க்கலாம். வெங்காயம், பூண்டு, மசாலா வேண்டாம். தாது உப்பு எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் உணவு என்றால் குட்டிகளின் வளர்ச்சிக்கும் சினை நாய்க்கும் ஏற்றது என்று பாக்கெட்டில் இருக்கிறதா பாருங்கள். அப்படிப்பட்ட முழுமையான உணவு கொடுக்கும்போது தனியாக டானிக் தேவையில்லை.

இன்னும் மூன்று விஷயம் கவனியுங்கள்:

• தினமும் ஈரல் வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். அளவு மீறினால் குட்டிகளுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம்.

• பச்சை இறைச்சி வேண்டாம். அதிலுள்ள கிருமிகள் கருவைக் கலைக்கலாம், வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றலாம்.

• குட்டை மூக்கு நாய் வளர்ப்பவர்கள் ஃபோலிக் அமிலம் பற்றிக் கேளுங்கள். பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் போன்ற இனங்களில் இது குட்டிகளுக்கு வரும் அண்ணப் பிளவைக் குறைப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. இணை சேர்ப்பதற்கு முன்பே தொடங்க வேண்டியது என்பதால் முன்கூட்டியே பேசுவது நல்லது.

ஆண் நாய்க்கும் உண்டு

சினை நிற்கவில்லை என்றால் பெண் நாயை மட்டும் குறை சொல்கிறோம். ஆண் நாயின் உடலில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 2 மாதம் ஆகிறது. துத்தநாகச் சத்து குறைந்தால் விந்தணு உற்பத்தி பாதிக்கப்படும். இணை சேர்ப்பதற்கு முந்தைய வாரம் மட்டும் முட்டை கொடுத்துப் பயனில்லை. 2, 3 மாதத்துக்கு முன்பே உணவைச் சரிசெய்ய வேண்டும்.

குட்டி வேண்டாம் என்றால்

கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள். கருப்பையில் சீழ் கோக்கும் ஆபத்தான நோயையும் அது தடுக்கும். அதன் பிறகு நாய்க்குத் தேவைப்படும் உணவு குறையும். பழைய அளவிலேயே போட்டால் எடை கூடிவிடும்.

இனப்பெருக்கம் செய்து விற்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் பொருந்தும். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெண் நாய்க்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

உங்கள் போனில் செய்து வைக்க வேண்டியவை

1. இணை சேர்ந்த தேதியை காலண்டரில் குறியுங்கள். 25 முதல் 30ஆம் நாளுக்குள் ஸ்கேன், 40ஆம் நாள் உணவு கூட்டல், 63ஆம் நாள் பிரசவம் என்று நினைவூட்டல் வையுங்கள்.

2. அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை, இரவில் பார்க்கும் ஒரு கிளினிக் இரண்டின் எண்ணையும் சேமியுங்கள். கால்நடை மருத்துவ உதவிக்கான கட்டணமில்லா எண் 1962ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. கொடுக்கும் உணவு, டானிக், மாத்திரை எல்லாவற்றின் லேபிளையும் படம் எடுத்து வையுங்கள். டாக்டர் கேட்டதும் காட்டலாம்.

4. குட்டி போட்ட நாய் நிலைகொள்ளாமல் அலைந்தாலோ, இரைத்தாலோ, விறைப்பாக நடந்தாலோ 20 விநாடி வீடியோ எடுத்து உடனே கிளம்புங்கள். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். கால்சியம் ஊசியை நீங்களே போட முயல வேண்டாம். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும்.

5. நடுங்கும் நாய் தன்னை அறியாமல் கடிக்கலாம். தடித்த போர்வையால் சுற்றித் தூக்குங்கள். கடித்துவிட்டால் காயத்தை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

லில்லிக்கு அந்த ராத்திரியே யாராவது இதைச் சொல்லியிருந்தால், விடியும்வரை தவித்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவிலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ யார் வீட்டு நாயாவது சினையாக இருந்தால், இந்தப் பக்கத்தை இன்றே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.