நெஞ்சுக்கும் தினம் ஒரு பேர் போடுங்கள்

"நாங்க காலையில பெரட்டுக்குப் போனா பொழுது சாயுற வரைக்கும் மலை ஏறி இறங்குற ஆளுக. எங்களுக்கு எதுக்கு உடற்பயிற்சி? மாரடைப்பு எல்லாம் கொழும்புல காருல போறவங்களுக்கு வர்ற வருத்தம்." லயத்துக்கு லயம் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பித்தான் சிலர் உயிரை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். லண்டன் நகரத்து இரண்டு தட்டு பஸ்களில் அந்தக் காலத்தில் ஒரு டிரைவரும் ஒரு கண்டக்டரும் இருப்பார்கள். டிரைவர் நாள் முழுவதும் சீட்டில் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கட் கொடுப்பதற்காக மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் ஏறி இறங்குவார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். ஜெரி மொரிஸ் என்ற டாக்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த இரண்டு கூட்டத்தாரையும் ஒப்பிட்டுப் பார்த்து 1953ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். படி ஏறிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு. வந்தவர்களுக்கும் பிந்திய வயதில்தான் வந்தது. அந்த டாக்டர் 2009ஆம் ஆண்டு, தமது 99ஆவது வயதில்தான் காலமானார்.

காரணம் இதுதான். இருதயம் ஒரு தசை. கை கால் போல அதற்கும் வேலை கொடுத்தால் பலம் பெறும். உடம்பைத் தொடர்ந்து அசைத்து வந்தால் இரத்த அழுத்தம் குறைகிறது, சீனி கட்டுப்படுகிறது, இரத்தக் குழாயில் கொழுப்புப் படிவதும் குறைகிறது. ஆகவே கூடையோடு மலை ஏறும் அக்காமாருக்கும், கான் வெட்டும் அண்ணன்மாருக்கும் நடையிலே குறைவில்லை.

இனி மற்றப் பாதி. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் முப்பது வருசத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டியவர். நல்ல வைரம் பாய்ந்த உடம்பு. ஓய்வு பெற்ற பிறகு இஸ்தோப்பில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வெற்றிலைத் தட்டு, உள்ளே டி.வி. "உழைச்சது போதும் ஐயா, இனி உக்காந்து சாப்பிடுவோம்" என்பார். நாலாம் வருசம் ஒரு விடியற்காலை நெஞ்சை அடைத்தது. வாய்வு என்று சொல்லி ஓமத்தண்ணி குடித்து, தைலம் பூசிப் படுத்துவிட்டார். பொழுது விடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டது.

அவர் முப்பது வருசம் உழைத்த உழைப்பு எங்கே போயிற்று? அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிய சுமார் 17,000 ஆண்களைப் பற்றி 1978ல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. இளவயதில் பெரிய விளையாட்டு வீரர்களாக இருந்தும் பிறகு சும்மா இருந்தவர்களுக்கு அந்தப் பழைய விளையாட்டு பாதுகாப்புத் தரவில்லை. வயது போன பிறகும் உடம்பை அசைத்தவர்களுக்கே பலன் கிடைத்தது.

ஊழியர் சேமலாப நிதியில் போட்ட காசு சேர்ந்து கிடக்கும். நடந்த நடை அப்படிச் சேர்ந்து கிடக்காது. அது நாள் சம்பளம் மாதிரி. அன்றன்றைக்குப் பேர் போட்டால்தான் அன்றன்றைக்குக் கணக்கு.

ஆகவே ஓய்வு பெற்றவர்கள், ஸ்டோரிலும் ஆபீசிலும் இருந்த இடத்தில் வேலை செய்பவர்கள், வாகனம் ஓட்டுபவர்கள் எல்லோரும் கிழமையில் ஐந்து நாளாவது, நாளைக்கு 30 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். கிழமைக்கு 150 நிமிடம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நடக்கும்போது பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவு வேகம் போதும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம். பேரப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு வருவது, மரக்கறிப் பாத்தி கொத்துவது, கோயிலுக்கு நடந்து போவது எல்லாம் கணக்கில் சேரும். ஏற்கெனவே நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

மலையில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடை மட்டும் எல்லாவற்றையும் சரிக்கட்டாது. சிகரெட், சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை, சாராயம் ஆகியவற்றின் கேட்டை எந்த மலை ஏறியும் கழிக்க முடியாது. உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாடு, அச்சாறு, சம்பலில் சேரும் உப்பும் அதற்குள் அடக்கம். பிரஷர் கூடினால் பலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. 35 வயது தாண்டிய எல்லோரும் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் பார்த்துக் கொள்ளுங்கள். குளிசை தந்தால் இடையில் நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, இதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், கை, தோள், தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல், வாந்தி வந்தால் அதை வாய்வு என்று நினைத்துப் படுக்க வேண்டாம். பெண்களுக்குச் சில வேளை நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சு வாங்கலும் கடும் களைப்பும் மட்டும் வரலாம். "வேலை செஞ்ச அலுப்பு" என்று விட்டுவிடாதீர்கள்.

அந்த நேரம் மட்டும் நோயாளி நடக்கவே கூடாது. அவரை உட்கார வைத்துவிட்டு 1990 இலக்கத்துக்குப் பேசுங்கள். அது இரவு பகல் எந்நேரமும் வரும் இலவச அம்புலன்ஸ். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம் எல்லாம் தெளிவாகச் சொல்லி, ஓர் இளைஞரைப் பெரிய றோட்டுச் சந்திக்கு அனுப்பி வழி காட்டச் சொல்லுங்கள். வாகனம் தாமதமானால் தோட்டத்தில் கிடைக்கும் வாகனத்தில் ஏற்றுங்கள். நடு இரவு என்றாலும் என் கதவைத் தட்டுங்கள்.

நாளைக் காலையில் உங்கள் லயத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் அப்பாவையோ அம்மாயியையோ "வாங்க, சந்தி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். அவர்களுக்கு அன்றைய பேர் விழுந்துவிடும். கூடப் போகும் உங்களுக்கும்தான்.