மின்காப்புக் கருவி சொல்லும் செய்தி



விளக்கு திடீரென அணைந்தால், மின்சாரம் போய்விட்டது என்கிறோம். பெரும்பாலும் அது தானாகப் போவதில்லை. ஒரு கருவி அதனை நிறுத்துகின்றது. உப மின்னிலையங்களில் இரவு பகலாக விழித்திருக்கும் அக்கருவிக்குக் காப்பு ரிலே என்று பெயர். நிறுத்துவதோடு அமையாது, தான் கண்டதைச் சில எழுத்துகளிலும் எண்களிலும் அது குறித்து வைக்கின்றது. அக்குறிப்பைப் பொருள்கொள்ளும் முறையே இன்றைய பேச்சு.

ரிலே மின்னோட்டத்தையும் அழுத்தத்தையும் இடையறாது அளக்கின்றது. அளவு பிறழ்ந்தால் சுற்றுடைப்பானுக்குக் கட்டளையிடுகின்றது. சுற்றுடைப்பான் திறந்து மின்னைத் துண்டிக்கின்றது. ஒன்று கண், மற்றது கை. ஆதலின் செய்தியில் இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். "உணர்ந்தேன்" என்பது வேறு. "துண்டிக்கப் பணித்தேன்" என்பது வேறு. ஒரு வழுவைப் பல ரிலேக்கள் உணரலாம். துண்டிக்க வேண்டியது அதற்கு மிக அண்மையிலுள்ளது மட்டுமே.

உலகின் பல நாடுகளில் இச்செய்திகளுக்குக் குறியெண்கள் வழங்குகின்றன. 50 என்றால் ஓட்டம் மிகப் பெரிதாய் எழுந்து உடனே துண்டிக்கப்பட்டது என்பது பொருள். 51 என்றால் மிகையோட்டம் சற்று நேரம் நீடித்தது என்பது பொருள். இந்தத் தாமதம் சோம்பலன்று. ஒழுங்கையிலுள்ள காப்பு முதலில் இயங்கட்டும், ஊர் முழுவதும் இருளில் மூழ்க வேண்டாம் என்பதற்காக வேண்டுமென்றே வைத்த பொறுமை அது. எண்ணோடு புவிக்குரிய குறியும் சேர்ந்திருந்தால், மின் நிலத்துக்குப் பாய்ந்ததென அறியலாம். தென்னோலை கம்பியில் உராய்ந்தாலும், கடற்காற்றின் உப்புப் படிந்து காவலிகள் பழுதுற்றாலும் இவ்வாறு நேரலாம்.

நெடுந்தூரக் கம்பிகளைக் காப்பது 21 என்னும் தொலைவு ரிலே. கம்பியின் நீளம் கூடக் கூட அதன் தடங்கலும் கூடும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து, வழு எவ்வளவு தொலைவிலுள்ளதென அது கணிக்கின்றது. "முதலாம் வலயம், ஒரு அவத்தையும் புவியும், 14 கிலோமீற்றர்" என்று எழுதினால், கம்பி வழியே ஏறத்தாழ அவ்விடத்தின் இருபுறமும் தேட வேண்டும். முதலாம் வலயம் வழக்கமாகக் கம்பியின் நீளத்தில் நூற்றுக்கு 80 பங்களவு. அங்கே தாமதம் இல்லை. 87 என்பதோ கடைக்காரரின் வரவுசெலவுக் கணக்குப் போன்றது. மின்மாற்றிக்குள் புகுந்ததும் வெளிவந்ததும் ஒத்துவராவிடின், வழு உள்ளேயே இருக்கலாம். சோதித்துப் பாராமல் மறுபடி மின்னூட்டுதல் பேராபத்து.

81 என்பது மீடிறனைப் பற்றியது. எங்கள் நாட்டில் அது 50 ஹேட்ஸ். மின்பிறப்பாக்கிகள் தேவைக்கு ஈடுகொடுக்க இயலாதபோது அது வீழும். அப்பொழுது சில ஊர்களின் மின்னை வெட்டியேனும் நாட்டின் மின்னைக் காக்க ரிலேக்கள் முயலும். ஆகவே, கல்முனைக்குரிய இணைப்பில் 81 என்று பதிவானால், கல்முனைக் கம்பியில் பழுது தேடுவது வீண். காரணம் தொலைவில் இருக்கின்றது.

2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்னிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணமென அமைச்சர் கூறினார். குரங்கைப் பற்றி நாடே நகைத்தது. ஆயினும், குரங்கு என்ற சொல் எந்த ரிலேயின் அகராதியிலும் இல்லை. கருவி சொல்வது விளைவை. காரணத்தை மனிதன் சென்று பார்த்தே அறிய வேண்டும். ஓரிடத்து வழு நாடெங்கும் ஏன் பரவியது என்பதோ வேறு வினா. அன்று சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்து, கனத்த சுழல் பொறிகளின் பங்கு குறைந்திருந்தமையால், அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை குன்றியிருந்ததென மின்சார சபை விளக்கியது. இத்தகைய வினாவுக்கு விடை காண, பல நிலையங்களின் செய்திகளை மில்லிசெக்கன் வரிசையில் அடுக்கிப் பார்ப்பர். உரத்து ஒலித்த செய்தியன்று, முதலில் வந்த செய்தியே துப்பு.

இறுதியாக ஒன்று. ரிலே மௌனமாய் இருப்பதும் உண்டு. அந்த மௌனத்தை நம்பலாகாது. அறுந்த கம்பி எங்கள் கரையோரத்து உலர்ந்த மணலில் வீழ்ந்தால், நிலத்துக்குப் பாயும் ஓட்டம் மிகச் சிறிதாகலாம். ரிலே அதனை வழக்கமான சுமையென எண்ணி வாளாவிருக்கும். கம்பியோ உயிருடன் கிடக்கும். துண்டிக்கப்பட்ட கம்பிக்கும் சில செக்கன்களில் தானாகவே மின்னை மீட்டுக் கொடுக்கும் அமைப்புகள் உண்டு. ஆகையால், வீட்டில் விளக்கு அணைந்திருக்கிறதே எனக் கருதி, வாடைக்காற்றில் விழுந்த கம்பியைத் தடியாலும் தொடாதீர்கள். பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அப்பால் நிறுத்தி, மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். கருவி காணத் தவறியதை அங்கே நின்று கண்டவர் நீங்கள். உங்கள் வாய்ச்சொல்லே அப்பொழுது செய்தி.