வெளிப்பெட்டி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

மேலப்பாளையத்தின் பழைய தெருக்களில் நடந்து பழகியவர்களுக்கு அவ்வீடுகளின் அமைப்பு நினைவிருக்கும். முகப்பு குறுகி, உட்புறம் நீண்டு செல்லும் வீடுகள். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவாக ஒரே சுவர். நடுவில் வானம் பார்த்த முற்றம். தறியோசை கேட்ட அந்நாட்களில் பாளையங்கால்வாயின் பக்கமிருந்து வரும் காற்று முற்றத்தில் இறங்கி அடுத்த கட்டுக்குப் போகும். குடும்பங்கள் பெருகின, பாகப்பிரிவினைகள் நடந்தன, முற்றங்களின் மேல் கான்கிரீட் தளம் ஏறியது. இன்று சித்திரை, வைகாசி மாதங்களில் அவ்வீடுகளுக்குள் பகலில் அமர்ந்திருப்பதே ஒரு சோதனையாகிவிட்டது. ஆகவே வீட்டுக்கு வீடு குளிர்சாதனம் வந்துவிட்டது. அதனை ஆடம்பரம் என்று பழிப்பவர்களின் கூட்டத்தில் நான் இல்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

அதைப் பற்றியே எழுதுகிறேன்.

உம்மாவுக்கு வயது 78. கோடை இரவுகளில் மூச்சு வாங்குகிறது என்பதால், துபாயிலிருக்கும் என் தம்பி பணம் அனுப்பி ஒன்றரை டன் ‘ஸ்பிளிட்’ ஏ.சி. ஒன்றை வாங்கி மாட்டச் செய்தான். வந்த மெக்கானிக் அறையைப் பார்த்தார். சந்துப் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தார். “இதுதான் தோது” என்றார். உள்ளிருக்கும் பெட்டிக்கும் வெளியே வைக்கும் பெட்டிக்கும் இடையில் ஓட வேண்டிய செம்புக் குழாய் மூன்று மீட்டர் வரை உடன் வரும். அதற்கு மேல் போனால் தனிக்காசு. சந்துச் சுவரில் மாட்டினால் மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடும். நானும் சரி என்றேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்றிரவு உம்மா நிம்மதியாக உறங்கினார்கள்.

இருபது நாட்கள் கழித்து எதிர்வீட்டுப் பெரியவர் என்னைத் தெருமுனையில் நிறுத்தினார். சொல்லத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “ஹஜ்ரத், ஒண்ணும் நெனைச்சுக்கிடாதீங்க. உங்க மெஷினு ஓடுற நேரமெல்லாம் எங்க ஜன்னலைத் தொறக்க முடியல. அனல் நேரா உள்ளே வருது. பேரப்புள்ளைக்கு மேலெல்லாம் வேர்க்குரு.”

அவருடைய மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. சந்தின் அகலம் ஆறடிதான். என் வீட்டுப் பெட்டியின் விசிறி அவர்கள் வீட்டின் ஒரே ஜன்னலை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. இருபது நாளாக நான் அந்தச் சந்து வழியே மத்ரஸாவுக்குப் போய் வந்திருக்கிறேன். ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. ‘டன்’ என்ற அளவே பனிக்கட்டிக் காலத்தின் எச்சம்: ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன். மின்கணக்கில் அது மூன்றரை கிலோவாட். ஆக, ஒன்றரை டன் எந்திரம் முழுவேகத்தில் ஓடுகையில் அறையிலிருந்து ஐந்தே கால் கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. தான் உண்ணும் மின்சாரம் ஒன்றரை கிலோவாட்டும் வெப்பமாகி அதனோடு சேர்கிறது. மொத்தம் ஏழுக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டிகள் ஏறக்குறைய ஏழினைச் சூடேற்றி, எதிர்வீட்டு ஜன்னலின் முன் விசிறி வைத்து வீசினால் எப்படியிருக்குமோ, அதைத்தான் நான் செய்திருந்தேன்.

சரி, இதற்கு யாரிடமேனும் அனுமதி வாங்கியிருக்க வேண்டுமா? பலரும் கேட்கும் கேள்வி இது, நானும் விசாரித்தேன். வீட்டில் ஒரு குளிர்சாதனத்தை மாட்டுவதற்கென்று மாநகராட்சியில் தனி அனுமதி எதுவும் கிடையாது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் சேர்ந்து 1994இல் மாநகராட்சியாயின. இன்று அதனை ஆள்வது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. அது நடைமுறைக்கு வந்தது 2023இல்தான். கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. மனையின் அளவுக்கும் கட்டடத்தின் உயரத்துக்கும் ஏற்ப முன்னும் பின்னும் பக்கங்களிலும் வெற்றிடம் விட வேண்டும், அவ்விடம் திறந்தே இருக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் அடிப்படை. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டும் பழம்பகுதிகளைத் ‘தொடர் கட்டடப் பகுதி’ என்று அதே விதிகள் ஏற்றுக்கொண்டு, பக்கவாட்டு வெற்றிடத்திலிருந்து விலக்களிக்கின்றன. காற்றுக்கு வழி மிகவும் தேவைப்படும் தெருக்களில்தான் காற்றுக்கு வழிவிடும் விதி பொருந்துவதில்லை!

பொதுத்தெருவின் மேல் நீட்டப்படும் பொருளின் கதை வேறு. தெருவும், தெருவின் மேலுள்ள வெளியும் உள்ளாட்சியின் பொறுப்பு. போவோர் தலையில் இடிக்கும்படியோ, வாகனத்துக்கு இடையூறாகவோ பெட்டி நீட்டிக்கொண்டிருந்தால் அகற்றச் சொல்லலாம். 2024 ஆகஸ்டில் டில்லி கரோல்பாக் பகுதியில் இரண்டாம் மாடியிலிருந்து வெளிப்பெட்டி ஒன்று விழுந்து, கீழே இருந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மாட்டும் தாங்கியின் கனத்தையும் ஆணியின் பிடிப்பையும் நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? காரைபெயர்ந்த பழைய செங்கல் சுவர் அந்தப் பாரத்தையும் இடைவிடாத அதிர்வையும் எத்தனை ஆண்டு தாங்கும்?

உண்மையில் நம்மிடம் கணக்குக் கேட்கும் அலுவலகம் மின்வாரியம். (2024இல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று தனியாகப் பிரிந்துவிட்டது, நம் வாயில் அது என்றைக்கும் ‘ஈபி’தான்.) இணைப்பு வாங்கியபோது விசிறிக்கும் விளக்குக்கும் எழுதிக்கொடுத்த மின்சுமை ஒன்று, இன்று இழுக்கும் சுமை வேறொன்று. கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்து, உரிய கட்டணம் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும். சுமை மிகுந்தால் மும்முனை இணைப்புக்கு மாற வேண்டும். தெருவின் டிரான்ஸ்பார்மர் பதிவான சுமையைக் கணக்கிட்டே வைக்கப்படுகிறது. நாற்பது வீட்டார் சொல்லாமல் மாட்டினால் மே மாத இரவு பதினொரு மணிக்கு ‘லோ வோல்டேஜ்’ வருவதில் வியப்பென்ன? வீட்டுக்குள்ளும் பழைய வயரிங்கில் கோத்துவிடலாகாது. மீட்டர் பலகையிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்.சி.பி., உருப்படியான ‘எர்த்’ ஆகிய மூன்றும் வேண்டும். இன்னொரு செய்தி: 2024 ஜூலைக் கட்டணப் பட்டியலில், இரு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் உயர்ந்துவிடும். 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் எந்திரங்கள் 24 பாகையில் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருப்பது இத்தகைய செலவை எண்ணித்தான். நாம்தான் ரிமோட்டை எடுத்து 18க்கு இறக்குகிறோம். பின்பு போர்வை தேடுகிறோம்.

ஆக, சுமையைக் கேட்க ஒருவர் உண்டு. தெருவைக் கேட்க ஒருவர் உண்டு. அனல் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பவர் எவருமில்லை. ஓசைக்கேனும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. அனலுக்கு அதுவுமில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் இடையூறு வழக்குத் தொடுக்கலாம் என்பார்கள். ஆறடிச் சந்தில் எதிரெதிரே வாழ்பவர்கள் வாய்தாவுக்கு அலைந்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது?

சிற்றாற்றுப் பாசனத்தில் நம் உறவினர்கள் வாழும் கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து சிங்கப்பூர் சென்று குடியேறியவர்கள் ஏராளம். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இலேயே தொடங்கப்பட்டது. அங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் இஷ்டப்பட்ட சுவரில் பெட்டியை மாட்ட இயலாது. அரசின் கட்டட ஆணையம் நடத்தும் பயிற்சி பெற்றவரே பொருத்த வேண்டும். அதற்கென்று விடப்பட்ட மேடையிலோ, துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியிலோதான் வைக்க வேண்டும். சொட்டும் நீர் கீழ்வீட்டாரின் கொடித்துணியில் விழாதபடி குளியலறை வடிகாலுக்குக் குழாய் போட வேண்டும். ஊருக்கு விடுமுறையில் வரும் அதே உறவினர், இங்கே தம் வீட்டுக் குழாயை நடுச்சந்தில் தொங்கவிட்டுச் செல்வதையும் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் இதே எந்திரத்தை மறுதலையாக ஓட்டி வீட்டைச் சூடாக்குகிறார்கள். ‘ஹீட் பம்ப்’ என்று பெயர். திட்ட அனுமதியின்றி அதனை வைக்க வேண்டுமாயின் எல்லைக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2025 மே மாதம் அதை நீக்கிவிட்டார்கள். நீக்காமல் வைத்திருப்பது ஓசைக் கணக்கு. அந்தக் கணக்கை எந்திரத்தின் அருகில் வைத்துப் போடுவதில்லை. அண்டை வீட்டாரின் ஜன்னலுக்கு ஒரு மீட்டர் முன்பாக வைத்துப் போடுகிறார்கள். அளவுகோலை அவர் வீட்டு ஜன்னலில் கொண்டுபோய் வைத்த அந்தச் சிந்தனை எனக்குப் பிடித்திருந்தது.

அது நமக்குப் புதிதுமன்று. 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னு அர்ராமி கொத்தனார் தொழில் செய்தவர். காழிகளுக்குக் கட்டட வழக்குகளில் துணையாக நின்றவர். ‘அல்-இஃலான் பி அஹ்காமில் புன்யான்’ என்னும் அவரது நூல், அடுப்பின் புகையும் தொழிலின் நாற்றமும் ஓசையும் அண்டை வீட்டைச் சேர்வதையெல்லாம் வழக்குகளாகவே எடுத்து ஆராய்கிறது. நெருக்கமான சந்துகளைக் கொண்ட ஊரில் செங்கல்லும் சுண்ணாம்பும் கையாண்டவர் எழுதியது அது. மாணவர்களுக்கு அண்டை வீட்டார் உரிமையைப் பாடமாக நடத்தும் நான், புகையின் இடத்தில் அனலை வைத்துப் பார்க்க ஒரு பெரியவர் தெருவில் நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

பெட்டியை மொட்டைமாடிக்கு மாற்றினோம். அதே மெக்கானிக்கைக் கூப்பிடாமல் வேறொருவரை அழைத்தேன். அவர் வாயுவை முதலில் வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்துவிட்டே குழாயைக் கழற்றினார். ‘பம்ப் டவுன்’ என்கிறார்கள். அப்படிச் செய்யாமல் வாயுவைச் சந்தில் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புவோரும் உண்டு. நம் பணமும் போகும், காற்றும் கெடும். குழாய் எட்டு மீட்டர் ஆயிற்று. மாடியில் ஒரு முழ உயர மேடை கட்டி, விசிறி வானவெளியைப் பார்க்கும்படி வைத்தோம். வடிநீர்க் குழாயை எங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியோடு சேர்த்தாயிற்று. சுவரை ஒட்டித் தன் அனலைத் தானே உறிஞ்சிக்கொண்டிருந்த எந்திரம் இப்போது சீக்கிரமே அறையைக் குளிரவைக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் மாடி உரிமையாளரின் சம்மதத்தை முதலில் பெற வேண்டும். பாகம் பிரித்த வீடுகளில் மாடி யாருக்கு என்பதைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

பள்ளிவாசல்களிலும் இப்போது வரிசையாகக் குளிர்சாதனங்கள். எங்கள் முஹல்லாவில் புதிதாக மாட்டுவதற்குமுன், பின்சுவரை ஒட்டிய வீட்டார் இருவரையும் அழைத்துக் கேட்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன்.

சென்ற மாதம் எதிர்வீட்டுப் பெரியவரும் ஏ.சி. வாங்க முடிவு செய்தார். இடம் பார்க்க என்னையும் கூப்பிட்டார். இருவரும் அவர் வீட்டு மாடியின் மேற்கு மூலையில் நின்று பார்த்தோம். அங்கிருந்து இரண்டு முழத் தொலைவில் பின்வீட்டார் துணி காயப்போடும் கொடி கட்டியிருந்தது. அதற்குக் கீழே அவர்களுடைய சமையற்கட்டின் ஜன்னல்.

“இன்னைக்கு வேண்டாம் ஹஜ்ரத்,” என்றார் பெரியவர். “அவுக வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்.”