வீட்டுக்கு வந்த கணனி: எதை ஏற்றுவது, எதை விடுவது?

இடம்பெயர்ந்து மீளக் குடியமர்ந்த எமது கிராமங்களில் இன்று கணனி ஒரு புதுமையான பொருளல்ல. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்காகத் தவணை முறையில் வாங்கியதாக இருக்கலாம். வெளிநாட்டு உறவினர் அனுப்பியதாக இருக்கலாம். இன்னொருவர் பாவித்த மடிக்கணனியாகவும் இருக்கலாம். எப்படி வந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இருக்கின்றது.

கணனியின் விலையை நாம் பத்துப் பேரிடம் விசாரிக்கின்றோம். ஆனால் அதற்குள் எந்த மென்பொருட்களை ஏற்றுவது என்பதை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடுகின்றோம். “எல்லாம் போட்டுத் தந்திருக்கிறன்” என்று அவர் சொன்னால் மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவருகின்றோம். அந்த ‘எல்லாம்’ என்ன? அது எங்கிருந்து வந்தது? இவற்றைக் கேட்காமல் விடுவதால் வரும் தீங்கையும், கேட்டுத் தெரிவு செய்யும் வழியையும் இங்கு பார்ப்போம்.

இழப்பதற்கு என்ன இருக்கின்றது?

“எங்களிடம் களவெடுக்க என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்பதுண்டு. ஓடிய ஓட்டத்தில் காணி உறுதியையும், அனுமதிப்பத்திரத்தையும், பிறப்புச் சான்றிதழையும் தொலைத்தவர்கள், அவற்றின் பிரதிகளைத் திரும்பப் பெறக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் எத்தனை தடவை அலைந்தார்கள் என்பதை அவர்களே அறிவார்கள். அப்படிப் பெற்ற பத்திரங்களின் படங்களை இன்று பலர் கணனியில் சேமித்து வைத்திருக்கின்றனர். வங்கிக் கணக்கின் கடவுச்சொல், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, மறைந்தவர்களின் ஒரேயொரு புகைப்படம் ஆகியனவும் அதற்குள்தான் இருக்கின்றன. ஒரு தடவை இழந்தவற்றை இரண்டாம் தடவையும் இழக்காதிருப்பதே இங்குள்ள கேள்வி.

விதைநெல்லும் மென்பொருளும்

இரு சக்கர உழவு இயந்திரத்தின் பின்னால் கலப்பையைப் பூட்டினால் உழும். பெட்டியைப் பூட்டினால் மூட்டை ஏற்றும். இயந்திரம் ஒன்றுதான், பூட்டும் கருவிதான் வேலையை மாற்றுகின்றது. கணனியில் அந்தக் கருவிகளின் இடத்தில் இருப்பவை மென்பொருட்கள். அவை எல்லாவற்றுக்கும் அடித்தளமாக நின்று கணனியை நடத்துவது இயக்க முறைமை. விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின.

விதைநெல் வாங்கும்போது அத்தாட்சிப்படுத்திய விதையா என்று பையிலுள்ள சீட்டைப் பார்க்கின்றோம். சீட்டில்லாத விதையில் கலந்திருக்கும் களையும் கலப்பும் விதைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. பயிர் வளர்ந்த பின்னர்தான் தெரியும். மென்பொருளும் அப்படியே. ஆகவே எதை ஏற்றுவதற்கு முன்பும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதைச் செய்தவர் யார்? இது எங்கிருந்து வந்தது? இது என்னிடம் எதைக் கேட்கின்றது?

களவுப் பிரதியின் உண்மை விலை

விண்டோஸ், ஒபிஸ் போன்றவை விலை கொடுத்து வாங்க வேண்டியவை. அவற்றின் பூட்டை உடைத்து இலவசமாக இயங்கச் செய்யும் சிறு நிரலைக் ‘கிராக்’ என்பர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இலங்கையில் இது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்க, இதிலுள்ள ஆபத்தையும் விளங்கிக்கொள்வது அவசியம்.

கிராக்கை இயக்குவதற்கு முன்னர் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். பின்னர் கணனியின் முழு அதிகாரத்தையும் அதற்குக் கொடுக்க வேண்டும். அதாவது நாயைக் கட்டிவைத்துவிட்டு, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுத் திறப்பைக் கொடுப்பதற்கு இது சமம். விண்டோஸைக் களவாக இயக்க உதவும் ‘கே.எம்.எஸ்.பிக்கோ’ என்ற நிரலின் பெயரில், கடவுச்சொற்களைத் திருடும் ‘கிரிப்ட்பொட்’ என்ற தீநிரல் பரப்பப்படுவதை 2021 டிசம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். பாவிப்பவருக்கு விண்டோஸ் ஒழுங்காக வேலை செய்வதாகவே தெரியும். திருட்டு பின்னால் நடக்கும்.

இன்னொரு தீங்கும் உண்டு. இத்தகைய கணனிகளில், நிறுவனம் அனுப்பும் திருத்தங்கள் வந்து பூட்டைத் திரும்பப் போட்டுவிடும் என்ற பயத்தில் அவற்றை நிறுத்தி வைப்பார்கள். 2017 மே 12 அன்று ‘வன்னாகிரை’ என்ற தீநிரல் பரவத் தொடங்கி, 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணனிகளைத் தாக்கியது. அது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டொலர் கப்பம் கேட்டது. பிரித்தானியாவில் அரச வைத்தியசாலைகளின் வேலைகளே தடைப்பட்டன. இத்தனைக்கும் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று, வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றாத கணனிகளே அகப்பட்டன. டேட்டா செலவாகின்றது என்று திருத்தங்களை நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாவித்த கணனி வாங்கியவர்களுக்கு

விண்டோஸ் 10க்கான வழமையான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தன. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணனிகளுக்கு 2026 ஒக்டோபர் வரை நீடிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11ஐ எல்லாப் பழைய கணனிகளும் ஏற்பதில்லை. அவ்வாறான கணனியை எறிந்துவிட வேண்டியதில்லை. களவுப் பிரதியைத் தேடவும் வேண்டியதில்லை. லினக்ஸ் இருக்கின்றது. 1991ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்த முயற்சியை இன்று உலகெங்கும் பல்லாயிரம் பேர் சேர்ந்து வளர்க்கின்றனர். அதன் ‘லினக்ஸ் மின்ட்’ என்ற வகை, விண்டோஸ் பழகியவர்களுக்கு இலகுவானது. இது சட்டப்படியே இலவசம். ஏற்றுவதற்கு முன் பென்டிரைவில் வைத்து இயக்கிப் பார்க்கலாம். எனினும் பிள்ளையின் பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் தேவையா என்பதை ஆசிரியரிடம் முதலில் கேட்டறிக.

வீட்டுக்குப் போதுமானவை

ஒரு குடும்பத்தின் தேவைக்குப் பின்வருவன போதும். இவற்றில் ஒன்றுக்கும் பணம் செலுத்த வேண்டியதில்லை.

1. பாதுகாப்பு: விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘டிஃபென்டர்’ என்ற வைரஸ் தடுப்பு உடன் வருகின்றது. அது நிறுத்தப்படாமல் இருக்கின்றதா என்று பாருங்கள். வேறு இரண்டு மூன்று தடுப்புகளை ஒன்றாக ஏற்றினால் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கணனியை மந்தமாக்கும்.

2. எழுத்தும் கணக்கும்: ‘லிப்ரே ஒபிஸ்’ 2010இல் இருந்து தன்னார்வலர்களால் வளர்க்கப்படுகின்றது. கடிதம் எழுதலாம், வேர்ட், எக்செல் கோப்புகளையும் திறக்கலாம். அதன் கணக்குத் தாளில் காலபோகத்துக்கு ஒரு பக்கம், சிறுபோகத்துக்கு ஒரு பக்கம் வைத்து, உழவுகூலி, விதை, பசளை, மருந்து, அறுவடை இயந்திரக் கூலி, விற்ற மூட்டை என்று பதிந்து வாருங்கள். எந்தப் போகம் இலாபம், எது கடன் என்பது ஊகமாக இராது.

3. இணைய உலாவி: ‘பயர்பொக்ஸ்’ அல்லது ‘குரோம்’ ஒன்று போதும். கணனியில் ஏற்கனவே உள்ள ‘எட்ஜ்’ உலாவியும் பாவிக்கத் தகுந்ததே.

4. தமிழ்: ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஆகவே யுனிகோட் முறையில் எழுதப் பழகுங்கள். அது எந்தக் கணனியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழாகவே தெரியும். விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை உண்டு. மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும்.

5. பிள்ளைகளின் படிப்பு: கணிதத்துக்கு ‘ஜியோஜிப்ரா’, நிரல் எழுதப் பழகுவதற்கு ‘ஸ்கிராட்ச்’ ஆகியன நல்லவை. இணைய வசதி குறைந்த ஊர்களுக்குக் ‘கிவிக்ஸ்’ மிகவும் உதவும். தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டால், பின்னர் இணையமின்றியே படிக்கலாம்.

6. படமும் பாட்டும்: ‘வி.எல்.சி.’ ஒன்றே அநேகமாக எல்லாவற்றையும் இயக்கும். பிரான்சு மாணவர்கள் 1996இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் இது பிறந்தது.

வேண்டாதவையும் உண்டு. “உங்கள் கணனி மெதுவாகிவிட்டது, சுத்தம் செய்க” என்று திரையில் தானாகத் தோன்றும் விளம்பரங்களை நம்பி எதையும் ஏற்றாதீர்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லித் தொலைபேசியில் அழைத்து, ‘எனிடெஸ்க்’ போன்ற ஒன்றை ஏற்றச் சொன்னால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள். அது தூரத்திலிருந்து கணனியை இயக்குவதற்கான மென்பொருள். நல்ல தேவைக்கென்று செய்யப்பட்டதுதான். ஆனால் கெட்டவர் கையில் உங்கள் கணனியை ஒப்படைக்கும் கருவியாகிவிடும்.

பெறும் இடமும் ஏற்றும் முறையும்

மென்பொருளை அதைச் செய்தவரின் சொந்த இணையத்தளத்திலிருந்து, அல்லது மைக்ரோசொப்ட் ஸ்டோரிலிருந்து மட்டும் பெறுக. தேடும்போது முதலாவதாக வருவது விளம்பரமாக இருக்கலாம். முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள். ஏற்றும்போது ஒவ்வொரு திரையையும் வாசித்து, கேட்காத மேலதிகப் பொருட்களுக்கு முன்னாலுள்ள அடையாளத்தை நீக்குங்கள். கணனியில் இரண்டு கணக்குகளை வையுங்கள்: மென்பொருள் ஏற்றும் அதிகாரமுள்ள ஒன்று பெற்றோரிடம், நாளாந்தப் பாவனைக்கான சாதாரணக் கணக்கு பிள்ளைகளிடம். பிள்ளை தவறி அழுத்தும் பல தீங்குகள் இதனால் தடுக்கப்படும்.

பத்திரங்களுக்கு இரண்டாவது இடம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கணனி பழுதாகலாம், வெள்ளத்தில் நனையலாம், களவு போகலாம். எனவே முக்கிய பத்திரங்களைப் படமெடுத்து ஒரு கோப்புறையில் சேர்த்து, வெளியே கழற்றக்கூடிய ஒரு வன்தட்டிலோ பென்டிரைவிலோ பிரதி செய்யுங்கள். பிரதி செய்த பின் அதைக் கழற்றி வேறொரு வீட்டில், நம்பிக்கையான உறவினரிடம் வையுங்கள். கணனியோடு பூட்டியபடியே இருந்தால் கப்பம் கேட்கும் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். காணி உறுதியின் படம் மூலப்பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் என்பன அதில் தெளிவாக இருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி தேடும் வேலை பெருமளவு குறையும்.

கணனி தாக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றி, வங்கிக்கும் அறிவியுங்கள். கப்பம் கொடுப்பதால் கோப்புகள் திரும்பும் என்ற உறுதி இல்லை. 2006இல் தொடங்கிய ‘ஸ்ரீ லங்கா சேர்ட்’ என்ற தேசிய நிலையம் இத்தகைய முறைப்பாடுகளை ஏற்கின்றது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் பொலிசிலும் முறையிடலாம்.

கடைக்காரர் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். நாம் கேட்பதையே அவர்கள் தருகின்றார்கள். ஆகவே அடுத்த தடவை “எல்லாம் போட்டுத் தாருங்கோ” என்று கேளாமல், “இவை மட்டும் போதும், களவுப் பிரதி வேண்டாம்” என்று மேலே சொன்ன ஆறையும் எழுதிய துண்டைக் கொடுங்கள். செய்தவர் யார், வந்த இடம் எது, கேட்பது என்ன என்ற மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கணனிக்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள். வீட்டில் யார் எதை ஏற்ற முற்பட்டாலும் முதலில் அதை வாசிக்கட்டும்.